மூன்று வாய் பேசிய ஊமைப் படம்

ஊமைப் படத்துக்கு வாயாக இருப்பதும் ஒரு தொழிலாக இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அதைத்தான் செய்து பிழைத்தேன். வெள்ளைத் துணியில் ஆட்கள் ஓடுவார்கள், அழுவார்கள், வாயை அசைப்பார்கள். சத்தம் மட்டும் வராது. நடுநடுவே கறுப்புப் பின்னணியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத்து வரும். அதை வாசித்து, கூடியிருக்கிற சனங்களுக்குப் புரிகிற மொழியில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மலாயாவில், எங்கள் ஈப்போ நகரத்தில் ஓர் ஆள் போதாது, மூன்று பேர் வேண்டும்.

காலையில் மீன்காரரிடம் மலாய், மத்தியானம் சீனர் கடையில் அரைகுறை கான்டனீஸ், ஆபீசில் ஆங்கிலம், வீட்டுக்கு வந்தால் தமிழ் என்று இந்த ஊரில் ஒரே நாளில் நாக்கை நாலு பக்கமும் திருப்பிப் போட்டு வாழ்கிறவர்கள் நீங்கள். என் பாடு உங்களுக்கு விளக்காமலே புரியும்.

கிந்தா ஆற்றுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பயஸ்கோப் கொட்டகை. முதலாளி ஒரு சீனர். நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். கான்டனீஸில் படம் சொல்ல ஆ லோக். மலாயில் சொல்ல பாக் டின் என்ற பெரியவர். தமிழுக்கு நான். என் அப்பா கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்த்தார். தமக்குப் பிறகு அதே நாற்காலியில் என்னை உட்கார வைக்கத்தான் ஈப்போவில் ஆங்கிலம் படிக்க வைத்தார். நான் கொட்டகையில் போய் நின்றதும் அவர் கோபப்படவில்லை. “அந்த வேலை போற அன்னைக்கு வேற எங்கேயும் போகாதே, நேரா தோட்டத்து ஆபீசுக்கு வந்துடு” என்றார். அந்த ஒரு வாக்கியம் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளைக்காரத் துரையின் குரலைக் கேட்டு எழுந்து நிற்கிற நாற்காலி அது. எனக்கு அது வேண்டாம்.

செத்து நாளாச்சு

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் கேட்காது. அதனால் முறை வைத்துக்கொண்டோம். எழுத்து வந்ததும் முதலில் ஆ லோக் சொல்வார், அடுத்து பாக் டின், கடைசியில் நான். ஈயச் சுரங்கத்து முதலாளிகளும் கடைக்காரர்களும் சீனர்கள். நல்ல நாற்காலிகள் அவர்களுடையவை. ஆகவே அவர்கள் மொழி முதலில். இதை யாரும் விவாதிக்கவில்லை. மழைநாளில் தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேச்சும் கேட்காது. அன்றைக்கு மட்டும் மூன்று மொழியும் சமம்.

வேடிக்கை என்னவென்றால் ஆ லோக்குக்கும் பாக் டினுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எழுத்து வந்தவுடன் நான்தான் இருட்டில் அவர்கள் காதோரம் மலாயில் இரண்டு சொல் கிசுகிசுப்பேன். ஆ லோக் அதைக் கான்டனீஸில் இருபது சொல்லாக ஊதி விடுவார். பாக் டின் மலாயில் ராகம் போட்டுச் சொல்வார். முதலில் தெரிந்துகொண்டவன் நான், கடைசியில் பேசுகிறவனும் நான். இந்தக் கிசுகிசு தவுக்கேவுக்குத் தெரியாது. ஆங்கிலம் தெரியும் என்று சொல்லித்தான் ஆ லோக் வேலையில் சேர்ந்திருந்தார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக் கொடுத்த மனிதர். நான் எப்படிச் சொல்வேன்?

என் முறை வருவதற்குள் படம் வெகுதூரம் போயிருக்கும். ஒருநாள் கொள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியை நீட்டி மிரட்டினான். ஆ லோக் மிரட்டினார், பாக் டின் மிரட்டினார். நான் வாயைத் திறந்து, “அசைந்தால் சுட்டுவிடுவேன்!” என்று முழங்கியபோது துணியில் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த ரயில்வே தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னார்: “அண்ணே, அவன் செத்து நாளாச்சு. நீங்க இப்பதான் சுடுறீங்க.”

திரைக்குப் பின்னால்

சம்பளம் போட்ட மறுநாள் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். கொட்டகைக்குள் இடம் இருக்காது. தவுக்கே திரைத் துணிக்குப் பின்னாலும் பாய் விரித்து ஆட்களை உட்கார வைப்பார். துணியின் மறுபக்கத்தில் படம் தெரியும். ஆனால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். இடது கையால் சாப்பிடுவார்கள், வாளை இடது கையால் வீசுவார்கள். ஆங்கில எழுத்தும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி வரும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஆட்களை இப்படி உட்கார வைத்துவிட்டார்களே என்று, இடைவேளையில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி காலை நீட்டி, மனைவியோடு கடலை தின்றுகொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். எழுத்தெல்லாம் திரும்பித் தெரிகிறதே, அடுத்த வாரம் தவுக்கேயிடம் சொல்லி முன்பக்கம் இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “அண்ணே, இங்கிலீசு அந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் புரியல, இந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் புரியல. இங்க காத்தாவது வருது.”

பாக் டினின் விருந்தாளிகள்

எங்கள் கொட்டகையில் மலாய்க்காரர்கள் ஒரு பெஞ்சை நிரப்பினால் அதிகம். ஆனாலும் பாக் டின் பேசினால் எல்லாருக்கும் புரியும். சீனருக்குப் புரியும், தமிழருக்குப் புரியும், வாசலில் நிற்கும் சீக்கியக் காவல்காரருக்கும் புரியும். காரணம், அவர் பேசியது சந்தையில் பேசுகிற மலாய். ‘நான் போ, நீ வா, இது நல்லா, அது இல்லை’ என்கிற அளவில் முடிந்துவிடும். பொதுச் சட்டை மாதிரி யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் அளவு சரியாக இராது.

பாக் டின் உண்மையில் நாடகக் குழுவில் ராஜா வேடம் கட்டியவர். அரண்மனை மலாய் அவர் வாயில் கேட்டால் பாட்டுக் கேட்பதுபோல இருக்கும். எங்களுக்கு மட்டும் சில வேளைகளில் பேசிக் காட்டுவார். ஒருமுறை கோலகங்சாரிலிருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் படம் பார்க்க வந்திருந்தார்கள். சுல்தான் இருக்கிற ஊர்க்காரர்கள். அவர்கள் முன்னால் சந்தை மலாய் பேச அவருக்குக் கூச்சம். அன்று முழுவதும் ராஜா மலாய்தான். எவ்வளவு அழகு! ஆனால் கொட்டகை கப்சிப். ஒரு தலை ஆடவில்லை, ஒரு சிரிப்பு இல்லை. சம்பந்தி பெஞ்சு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இடைவேளையில் பாக் டின் பெருமையோடு கீழே இறங்கி வந்தார். ஆரஞ்சு விற்கிற சீனர் கவலையோடு அவர் தோளைத் தொட்டுக் கேட்டார்: “பாக் டின், இன்னைக்கு ஏன் பிரார்த்தனை பண்ற மாதிரியே பேசுறே? வயித்துவலியா?”

மீன் வாங்குகிற பாஷை

மூன்று பேர் பேசி முடிப்பதற்காகப் படம் சுற்றுகிறவர் மெதுவாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் குதிரை நடக்கும், ஓடாது. சனங்கள் குதிரை ஓட்டம் பார்க்க வருகிறவர்கள். ஆட்டம் முடிய நேரமாகிறது என்று வீட்டுக்காரிகள் முணுமுணுக்கிறார்கள் என்றும் தவுக்கே காதுக்கு எட்டியது. ஒருநாள் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மூன்று வாய் அதிகம், ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றார். அவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் விடவில்லை. தமிழர்கள்தானே தரை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், சனிக்கிழமை சிலிபின் குடியிருப்பிலிருந்து ஒரு பெரும் படையே வருகிறதே என்றேன். தமிழ் எவ்வளவு பழைய மொழி என்றுகூட ஆரம்பித்தேன். தவுக்கே பொறுமையாகக் கேட்டார். ஆ லோக் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனால் தம் காதில் சொல்ல ஆளிருக்காது என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தம் வேலை போகும் என்பதும் தெரியும். என்னைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

தவுக்கே கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் முடிவெடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் ஒரு கேள்வி கேட்டார்: “உன் ஆளு மீன் வாங்குறப்போ என்னா பாஷை பேசுது? அந்த பாஷையிலயே படமும் பாக்கட்டும்லா.”

ஆறு எந்தப் பக்கம்

அப்பாவிடம் நான் உடனே போகவில்லை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிற ஒருவர் தாப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். சில வாரம் வரச் சொன்னார். போனேன்.

தாப்பாவில் மலையடிவாரத்துக் கடைத்தெருவுக்குப் பின்னால் கூடாரம். மேலே காட்டில் வாழும் செமாய் மக்களில் ஒருவர், பிரம்பும் பெத்தாய் என்கிற காட்டு அவரைக்காயும் விற்க இறங்கி வந்தவர், குடும்பத்தோடு படம் பார்க்க உட்கார்ந்தார். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். குடும்பத்துக்குத் தெரியாது. நான் தமிழில் ஒருமுறை, அவருக்காக மலாயில் ஒருமுறை சொல்வேன். அவர் திரும்பித் தம் மொழியில் அவர்களுக்குச் சொல்வார். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ‘அவன் குதிரையில் ஏறி ஓடிப்போனான்’ என்று நான் ஒரே வாக்கியத்தில் முடித்தால், அவர் பேசிக்கொண்டே இருப்பார். கையால் மேலே காட்டுவார், கீழே காட்டுவார். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மறுபடி காட்டுவார். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அந்தக் கூடாரத்தில் அவர்கள் ஒரு குடும்பம்தான். ஆனால் படத்தை முழுசாகப் பார்த்ததும் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

படம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன்: நான் சொன்னது கொஞ்சம், நீங்கள் சொன்னது நிறைய, என்ன சொன்னீர்கள்? குதிரைக்காரன் ஆற்றின் மேல்பக்கம் போனானா, கீழ்ப்பக்கம் போனானா, ஆற்றைத் தாண்டி மலைப்பக்கம் போனானா என்பதைச் சொல்லாமல் ‘போனான்’ என்று தம் வீட்டில் சொன்னால் யாருக்கும் திருப்தி இராது என்றார். அதைத்தான் துணியைப் பார்த்துப் பார்த்து ஊகித்துச் சொன்னாராம். பிறகு, “அந்த ஊரில் ஆறு எந்தப் பக்கம்?” என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: “ஆறு எங்கே இருக்குன்னே தெரியாம இவ்வளவு நேரம் என்னத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தே, தம்பி?”

அண்ணனா, மாமன் மகனா

தாப்பா வேலை முடிந்து ஈப்போவுக்கு வந்தேன். திங்கட்கிழமை கோப்பெங்குக்கு வருகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை ஆட்டத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, டிக்கெட்டு வாங்கித் தரையில் போய் உட்கார்ந்தேன்.

நான் தாப்பாவுக்குக் கிளம்பிய வாரத்தில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்திருந்தார்கள். வாரம் ஒரு பாகம். ஒரு பெண் குதிரை ஓட்டுவாள், துப்பாக்கி சுடுவாள். தோல்தொப்பி போட்ட ஒருவன் ஆபத்தில் எல்லாம் வந்து அவளைக் காப்பாற்றுவான். ஊர் முழுக்க இதே பேச்சு. எனக்கு முன்னால் சிலிபின் முனியம்மா அக்கா தம் படையோடு உட்கார்ந்திருந்தார். நகரசபையில் தெருக்கூட்டும் வேலை. குரல் மார்க்கெட்டைத் தாண்டிக் கேட்கும். எழுத்து வந்தது. ஆ லோக் பேசினார், பாக் டின் பேசினார். அடுத்து, என் முறை இருந்த இடத்தில், முனியம்மா அக்கா பேசினார்!

“பாத்தியா, பாத்தியா, திட்டுறான் பாரு! தனியா ஏன்டி போனேன்னு கேக்குறான். உரிமை இல்லாம ஒருத்தன் இப்படித் திட்டுவானா? மாமன் மகன்தான்னு நான் மொத வாரமே சொல்லலை?” தரை முழுக்கத் தலை ஆடியது. பின்னால் இருந்தவர்களுக்கு இன்னொருவர் திருப்பிச் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், “இங்க கேக்கல, மறுக்காச் சொல்லுக்கா!” என்றது. ஆக, தமிழைக் கொட்டகையில் யாரும் நிறுத்தவில்லை, என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

இடைவேளையில் ஆ லோக் என்னைப் பார்த்து ஓடி வந்தார். மெலிந்திருந்தார். எழுத்தை வாசிக்க ஆளில்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன். ஊகித்துத்தான் என்றார். தோல்தொப்பிக்காரன் யார் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தெளிவாகவே யோசித்திருந்தார்: “ஆத்துல இருந்து தூக்கினான், குதிரை வாங்கித் தந்தான், திட்டினான். ஒரு தடவை கூடச் சிரிக்கல. அண்ணன் இல்லாம வேற யாரு, தம்பி?”

பாக் டினையும் கேட்டேன். ‘அந்த ஆளு’ என்று மட்டும்தான் அவர் சொல்லி வந்தாராம். சந்தை மலாயில் அது போதும். எல்லாருக்கும் புரியும், யாருக்கும் உறவு இல்லை. அன்றைய பாகத்தில் அதுவரை வந்த எழுத்துகளை நான் வாசித்திருந்தேன். தோல்தொப்பிக்காரன் அவளுடைய அப்பாவின் மாட்டுப் பண்ணையை மேற்பார்வையிட வந்த ஆள். அவளுக்கு அவன் ஒன்றுமே இல்லை. ஆ லோக்கிடம் அதை நான் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

கல்யாணம்

இரண்டாம் பாதியில் ஒரு தேவாலயம் வந்தது. வாசலில் பூ. குதிரைக்காரி தலையில் வெள்ளை முக்காடு. பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தோல்தொப்பிக்காரன். அவன் மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போட்டான். முதன்முறையாகச் சிரித்தான்.

தரையிலிருந்து குலவை எழும்பியது. முனியம்மா அக்காவின் படை கை தட்டியது. ஒருவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அட்சதையாக வீசினார். அதே நொடியில் நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். அண்ணன் தங்கையைக் கட்டுகிறான்! ஒரு கிழவி முகத்தை மூடிக்கொண்டார். ஆரஞ்சுத் தோல் திரையில் வந்து விழுந்தது. மரக்கட்டைச் செருப்புகள் தரையில் தடதடவென்று இடித்தன. இந்த அக்கிரமத்துக்குத் தமிழர்கள் கை தட்டுகிறார்களே என்று சீனர்களுக்கு ஆத்திரம். நல்ல காரியம் நடக்கிறபோது சீனர்கள் செருப்பால் இடிக்கிறார்களே என்று தமிழர்களுக்கு ஆத்திரம். நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு கட்டைச் செருப்பு பறந்து போய்ப் பாக் டின் முதுகில் விழுந்தது. அவர் மட்டும்தான் அன்றைக்கு யாருக்கும் ஒரு பாவமும் செய்யாதவர்.

படத்தை அப்படியே நிறுத்தினால் விளக்குச் சூட்டில் எரிந்துவிடும். சுற்றுகிறவர் விளக்கையே அணைத்தார். கும்மிருட்டு. தவுக்கே கைவிளக்கோடு ஓடி வந்தார். “எழுத்துல என்னா இருக்கு? படி!” என்று ஆ லோக்கை உலுக்கினார். ஆ லோக் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடவில்லை. தவுக்கே அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை.

“அவள் அப்பாவிடம் வேலை பார்க்கிறவன். உறவே இல்லை. இதுதான் எழுத்தில் இருக்கிறது” என்றேன்.

“அதைச் சொன்னா என்னை உயிரோட விட மாட்டாங்க” என்றார் ஆ லோக். “இத்தனை வாரம் அண்ணன்னு சத்தியம் பண்ணிட்டேன்.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. தேவாலயத்தில் கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் நெடுநேரம் வாயை அசைத்தார். அந்த வாய் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை. “படத்தைக் கொஞ்சம் பின்னால் சுற்றி, பாதிரியாரிலிருந்து காட்டச் சொல்லுங்கள். இவன் வெள்ளத்தில் மிதந்து வந்த குழந்தை, இந்த வீட்டில் எடுத்து வளர்த்தார்கள், உண்மையில் அண்ணன் இல்லை என்று அவர் சொல்லட்டும்” என்றேன்.

ஆ லோக் நிமிர்ந்தார். படம் மறுபடி ஓடியது. பாதிரியார் வாயை அசைத்தார். ஆ லோக் அதுவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளம் பெருகியது, தொட்டில் மிதந்தது, பெற்றவள் கரையில் ஓடினாள். நாற்காலிப் பக்கம் அடங்கியது. முகத்தை மூடியிருந்த கிழவி கையை எடுத்தார். நாலைந்து பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

இப்போது தரைப் பக்கம் கலவரம். “அங்க ஏன் அழுவுறாங்க? அந்தச் சாமியார் என்னா சொல்றாரு?” முனியம்மா அக்காவின் குரல். தமிழில் பதில் சொல்ல யாரும் இல்லை. பாக் டின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, தம் முறையை விட்டுக் கொடுத்து ஒதுங்கி நின்றார். நான் பெஞ்சில் ஏறினேன். அந்தக் கொட்டகையில் தமிழ் கடைசி இடத்தை விட்டு இரண்டாவதாகப் பேசியது அன்றுதான். என்ன சொல்வது? எழுத்தில் உள்ளதைச் சொன்னால் முனியம்மா அக்கா தம் ஆட்கள் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவார். ஆ லோக் சொன்னதைச் சொன்னால், அண்ணன் என்று வளர்ந்தவனைக் கட்டலாமா என்று இந்தப் பக்கம் செருப்பு பறக்கும். “மாமன் மகன்தான்! ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு சாமியார் வாழ்த்துறார்!” என்று உரக்கச் சொன்னேன். மறுபடி குலவை. பாக் டின் கடைசியாக, “அந்த ஆளு அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டான்” என்று மலாயில் சொல்லி முடித்தார். அதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

ஆட்டம் முடிந்ததும் தவுக்கே எங்களை வாசலில் நிறுத்தினார். “இங்கிலீசு தெரிஞ்ச ஆளு நீதான்னு அன்னைக்கே ஏன்லா சொல்லல?” என்று கேட்டார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். “ஆ லோக்கை அனுப்பிருப்பேன்” என்றார். ஆ லோக் மறுபடி தரையைப் பார்த்தார். தவுக்கே பெருமூச்சு விட்டார். அப்படி ஒரு வெள்ளத்தையும் தொட்டிலையும் இவனைத் தவிர யார் கொண்டுவருவார்கள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். “சரி, மூணு பேரும் வா. அவன் காதுல நீ சொல்லு. உன் ஆளுங்களுக்கு ரெண்டாவது சொல்லு. சண்டை மட்டும் வரக்கூடாது” என்றார். தமிழ் பழைய மொழி என்றதால் கிடைக்காத இடம், ஆங்கிலத்தை வாசித்து, மலாயில் கிசுகிசுத்து, கான்டனீஸ் கதை ஒன்றைக் காப்பாற்றியதால் கிடைத்தது. நான் தலையாட்டினேன். திங்கட்கிழமை கோப்பெங்குக்குப் போக வேண்டியதில்லை என்பது மட்டும்தான் அப்போது என் மனசில் இருந்தது.

சிலிபின் படை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. முனியம்மா அக்காவிடம் போய், அடுத்த வாரத்திலிருந்து நானே பழையபடி சொல்கிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒரு கவலையும் இருந்தது. என்னைத் தனியாக ஓரமாக அழைத்து, குரலை அவரால் முடிந்த அளவு தாழ்த்திச் சொன்னார்: “வாங்க தம்பி, நல்லா சொல்லுங்க. ஆனா கதையை மட்டும் மாத்திடாதீங்க, சிலிபின்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

பேசுகிற படம் வந்து எங்கள் மூன்று வாயையும் மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் குதிரைக்காரி யாரைக் கட்டிக்கொண்டாள் என்பது, ஈப்போவில் இன்றைக்கும், நீங்கள் எந்த மொழியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.